பெட்டியை மூடுவதற்கு முன்...

உங்கள் வீட்டுக் கட்டிலின் அடியில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருக்கக்கூடும். துணி சுற்றிய வயலினாகவோ, சுவரில் மாட்டிய கித்தாராகவோ, ஒரு பெருநாளுக்கு அடம்பிடித்து வாங்கிய கீபோர்டாகவோ அது இருக்கலாம். கருவி ஏதுமின்றி, மீலாது மேடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலித்த ஒரு குரலாக மட்டுமே இருந்தாலும் இருக்கலாம். ஒரு காலத்தில் அதற்காக உணவை மறந்தீர்கள், உறக்கத்தைத் துறந்தீர்கள். இன்றோ, அதன்மீது படிந்த தூசியைத் துடைக்கக்கூட மனம் வரவில்லை. "இப்போதெல்லாம் பாடுவதில்லையா?" என்று எவரேனும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

உள்ளத்தின் மூலையில் ஒரு கேள்வி மெல்லத் தலைதூக்குகிறது: "இனி இதை விட்டுவிடலாமா?"

"பாட்டுத்தானே, விட்டால் என்ன குடியா முழுகிவிடும்?" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். "இத்தனை காலம் கற்றதை வீணாக்குவதா?" என்று வேறு சிலர் அங்கலாய்ப்பார்கள். இரு சாராரும் உங்கள் இடத்தில் நின்று பார்த்தவர்கள் அல்லர். பத்தாண்டுகள் பழகிய ஒன்றைக் கைவிடுவது, பத்தாண்டுகள் பழகிய தோழமையை முறித்துக்கொள்வதற்கு ஒப்பானது. அதனை அவசரத்தில் செய்யலாகாது. பிறர் சொல்லுக்காகவும் செய்யலாகாது.

தொடருங்கள் என்று உங்களை வற்புறுத்த இக்கட்டுரை எழுதப்படவில்லை. விட்டுவிடுங்கள் என்று தீர்ப்பளிக்கவும் எழுதப்படவில்லை. ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்க விழைகிறோம். களைப்பு என்பது ஒரு செய்தி; அது தீர்ப்பு அன்று. அச்செய்தி எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் பெட்டியைப் பூட்டிவிடாதீர்கள்.

வற்றியது எது?

"ஆர்வம் போய்விட்டது" என்கிறோம். எதன்மீது இருந்த ஆர்வம்? சற்றே பிரித்துப் பாருங்கள்.

இசை பயிலத் தொடங்கும் காலத்தில் முன்னேற்றம் விரைவாக வரும். நேற்று இயலாதது இன்று இயலும். பின்னர் ஒரு சமவெளி வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் உழைத்தும் ஓர் அங்குலம் நகர்ந்ததாகத் தோன்றாது. இதற்கு ஒரு காரணம் உண்டு. கேட்கும் செவி, பாடும் குரலைவிடவும் வாசிக்கும் விரலைவிடவும் வேகமாக வளர்கிறது. தொடக்கத்தில் உங்கள் காதுக்கே புலப்படாத பிழைகள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. "முன்பைவிட மோசமாகிவிட்டேன்" என்று நினைக்கிறீர்கள். உண்மையில் உங்கள் செவி தேர்ந்துவிட்டது. கைதான் இன்னும் அதனை எட்டிப் பிடிக்கவில்லை.

சிலருக்கு வற்றுவது இசையார்வம் அன்று, மேடையார்வம். கைதட்டல் குறைந்தது, அழைப்புகள் நின்றன, பாடலைக் கைப்பேசியில் பதிவு செய்து வெளியிட்டால் கேட்டோர் எண்ணிக்கை இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. இங்கே காயம்பட்டது பாட்டு அன்று. புகழின்மேல் வைத்த ஆசை. இன்னும் சிலருக்கு உடன் பாடிய நண்பர்கள் வளைகுடாவுக்கோ வெளியூருக்கோ சென்றிருப்பார்கள். அவர்கள் இழந்தது இசையை அன்று, கூட்டாளிகளை.

வேறு சிலருக்கு உடலே எச்சரிக்கிறது. குரல் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், "பாட மனமில்லை" என்று சொல்லிக்கொண்டு இராமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பாட்டு மட்டுமன்றி உணவும் உறக்கமும் பிள்ளைகளின் சிரிப்பும் வாரக்கணக்கில் சுவையற்றுப் போயிருந்தால், அது இசையைப் பற்றிய கேள்வியே அன்று. அது மனத்தின் நோய்; மருத்துவம் உண்டு. அந்த நிலையில் எந்தப் பெரிய முடிவையும் எடுக்காதீர்கள்.

ஒரு மாலைத் தோல்வி

தோல்வியின் நிழலில் நின்று முடிவெடுக்க முனைவோருக்கு ருஷ்ய நாட்டு இசையமைப்பாளர் செர்கேய் ராக்மனினோவின் வாழ்வில் ஒரு பாடம் இருக்கிறது.

1897ஆம் ஆண்டு அவருடைய முதல் சிம்பொனி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 23. போதிய ஒத்திகை இல்லை, வாசிப்பு சீர்குலைந்தது. பிர்அவ்னின் நாட்டின்மீது இறங்கிய சோதனைகளோடு அந்தப் படைப்பை ஒப்பிட்டு ஏளனம் செய்தார் ஒரு விமரிசகர். இளைஞர் உடைந்துபோனார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் குறிப்பிடத்தக்க படைப்பு எதையும் அவரால் எழுத இயலவில்லை.

ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளில் அவர் இசையைவிட்டு ஓடிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மாஸ்கோவில் ஓர் இசைநாடகக் குழுவை நடத்தும் பணியை ஏற்றார். எழுத இயலாத கை, பிறர் எழுதியதை நடத்திக்கொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டு நிக்கொலாய் தால் என்னும் மருத்துவரிடம் சிகிச்சைக்குச் சென்றார். சில மாதங்கள் நடந்த அந்தச் சிகிச்சைக்குப் பின் பிறந்ததுதான் அவருடைய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. 1901ஆம் ஆண்டு முழுமையாக அரங்கேறிய அதனை அம்மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். இன்றுவரை உலகம் விரும்பிக் கேட்கும் படைப்புகளுள் அதுவும் ஒன்று.

ஏளனத்துக்கு ஆளான அந்த முதல் சிம்பொனி என்னவாயிற்று? அவர் வாழ்ந்த காலத்தில் அது மறுபடி ஒலிக்கவேயில்லை. 1943ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதன் பின்னரே வாத்தியக்காரர்களின் தனித்தனித் தாள்கள் கண்டெடுக்கப்பட்டு, முழு வடிவம் மீட்கப்பட்டு, 1945ஆம் ஆண்டு மாஸ்கோவில் வாசிக்கப்பட்டது. இன்று அதனைப் பல நாடுகளில் வாசிக்கிறார்கள். அந்த ஒரு மாலையின் தீர்ப்பையே இறுதித் தீர்ப்பாக ஏற்று அவர் ஒதுங்கியிருந்தால், பின்னர் எழுதிய எதுவும் நமக்குக் கிட்டியிராது.

பிறர் பூட்டிய பூட்டு

சகோதரிகளே, இப்பகுதி குறிப்பாக உங்களுக்கு.

"திருமணத்துக்குப் பிறகு ஆர்வமே இல்லாமல் போய்விட்டது" என்று கூறும் பெண்கள் பலர். அது உண்மையாகவும் இருக்கலாம். வாழ்வின் பருவம் மாறும்போது விருப்பங்களும் மாறுவது இயல்பே. ஆனால் மெய்யாகவே ஆர்வம் போயிற்றா, அல்லது நேரமும் இடமும் இசைவும் போயினவா என்று தனிமையில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபைசாபாத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த பேகம் அக்தர், கஜலும் தும்ரியும் பாடி இளமையிலேயே பெரும் புகழ் பெற்றவர். 1945ஆம் ஆண்டு லக்னோவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். புகுந்த குடும்பத்தின் கௌரவம் கருதிப் பாடுவதை நிறுத்தினார். வசதிக்குக் குறைவில்லை, மதிப்புக்கும் குறைவில்லை. எனினும் உடல் நலிந்தது, உள்ளம் சோர்ந்தது. மறுபடி பாடுவதே இவருக்கு மருந்து என்று மருத்துவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. கணவரும் இசைந்தார். 1949ஆம் ஆண்டு லக்னோ வானொலி நிலையத்தில் அவர் மீண்டும் பாடினார். பாடி முடித்ததும் கண்ணீர் பெருகி நின்றார் என்பர். அதன் பின்னர் கால் நூற்றாண்டுக் காலம் அவருடைய குரல் ஓயவில்லை. 1974ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பாடச் சென்ற இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய ஆர்வம் வற்றவில்லை, பூட்டப்பட்டிருந்தது. வற்றிய கிணற்றுக்கும் மூடிய கிணற்றுக்கும் வெளியிலிருந்து பார்ப்போருக்கு வேறுபாடு தெரியாது. உள்ளே நீர் இருக்கிறதா என்பது கிணற்றுக்கு உரியவருக்கே தெரியும். எல்லாரும் வானொலியில் பாட வேண்டும் என்பதில்லை. பிள்ளையை உறங்கவைக்கும் தாலாட்டிலும், நான்கு பெண்கள் கூடிப் பாடும் பைத்திலும்கூட அந்த ஊற்று வழிந்தோடலாம்.

சோர்வுக்குக் கொள்கையின் ஆடையை அணிவிக்காதீர்கள்

நம் வீடுகளில் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. இசையைப் பற்றி, சிறப்பாக இசைக்கருவிகளைப் பற்றி, மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்துவருகிறது. அதனைத் தீர்த்துவைக்கும் தகுதி இக்கட்டுரைக்கு இல்லை. உங்கள் மனம் நாடும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நாம் சொல்ல வருவது வேறு.

கொள்கையின் காரணமாக ஒன்றை விடுவது ஒரு செயல். சோர்வின் காரணமாக விட்டுவிட்டு, அதற்குக் கொள்கையின் பெயரைச் சூட்டுவது முற்றிலும் வேறு செயல். முன்னதில் உள்ளத்துக்கு அமைதி உண்டு. பின்னதில், சோர்வு நீங்கிய அன்றே கொள்கையும் நீங்கிவிடும். தன்மீதே மதிப்பிழக்கும் நிலை வரும். ஆகவே நிய்யத்து எதுவென்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு யூசுஃப் இஸ்லாம் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. 1948ஆம் ஆண்டு லண்டனில் பிறந்து, கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகர் அவர். 1977ஆம் ஆண்டின் இறுதியில் இஸ்லாத்தைத் தழுவினார். ஐயத்துக்கு இடமானதைத் தவிர்ப்பதே நன்று எனக் கருதி, புகழின் உச்சியில் இருக்கும்போதே பாட்டுலகை விட்டு விலகினார். கித்தார்களை ஏலத்தில் விற்று, அப்பணத்தை அறப்பணிகளுக்கு அளித்தார். விட்டதால் உண்டான வெற்றிடத்தை வெறுமையாக விட்டுவைக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. 1983ஆம் ஆண்டு லண்டனில் முஸ்லிம் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1998ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசின் நிதியுதவி பெற்ற முதல் முஸ்லிம் பள்ளிகளுள் அதுவும் இடம்பெற்றது.

காலம் சென்றது. பாஸ்னிய மக்களின் துயர் அவர் உள்ளத்தைத் தொட்டது. அவர்களுக்காக ஒரு பாடல் தொகுப்பு 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அவருடைய மகன் வீட்டுக்கு ஒரு கித்தாரைக் கொண்டுவந்தார். தந்தையின் விரல்கள் அதனை மறக்கவில்லை. தாம் முன்னர் கொண்டிருந்த கருத்தை மறுபடி ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டு, 28 ஆண்டுகளுக்குப் பின், புதிய பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்.

அவர் விட்டதைப் போற்றியவர்கள் சிலர் திரும்பியதைக் குறை கூறினர். திரும்பியதை வரவேற்றவர்கள் சிலர் முன்னர் விட்டதைக் குறை கூறியவர்கள். நீங்கள் எப்பக்கம் நிற்பினும் ஒன்றை மறுக்க இயலாது. விட்டபோதும் தம் மனச்சான்றைக் கேட்டே விட்டார். தொட்டபோதும் அதனைக் கேட்டே தொட்டார். சோம்பலால் விடவுமில்லை, ஏக்கத்தால் மட்டும் திரும்பவுமில்லை.

விடுவதிலும் நிம்மதி உண்டு

அப்படியானால் விடுவதே தவறா? இல்லை.

ஃபின்லாந்து நாட்டின் பெருமைக்குரிய இசையமைப்பாளர் யான் சிபேலியஸ். அவருடைய இறுதிப் பெரும் படைப்பு 1926ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பிறகும் அவர் 31 ஆண்டுகள் வாழ்ந்தார். எட்டாவது சிம்பொனி எப்போது வரும் என்று உலகம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரும் வரும், வரும் என்றே நெடுநாள் சொல்லிவந்தார். முடிவில், 1940களில் ஒரு நாள், தம் வீட்டுக் கணப்பில் ஏராளமான கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிட்டார். அதற்குப் பின் அவர் முன்னைவிட அமைதியானவராகவும் மனச்சுமை குறைந்தவராகவும் காணப்பட்டார் என்று அவர் மனைவியே கூறியிருக்கிறார்.

அவரை வாட்டியது எழுதாமை மட்டுமன்று. எழுதுவேன் என்று சொல்லிச் சொல்லிச் சுமந்த வாக்குறுதியும்தான். தொடரவும் இல்லை, விடவும் இல்லை என்னும் நடுநிலையே மனிதனை அரிக்கிறது. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டி ஒவ்வொரு நாளும் உங்களைக் குற்றம் சாட்டுமானால், ஒரு முடிவு, எந்த முடிவாயினும், அந்த வழக்கை முடித்துவைக்கும்.

மூன்று மாதத் தவணை

எவ்வாறு முடிவெடுப்பது? ஒரு வழியைச் சொல்கிறோம்; உங்களுக்குப் பொருந்துமாறு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் முழுமையாக விட்டுவிடுங்கள். பயிற்சி வேண்டாம், பயிற்சி செய்யவில்லையே என்ற வருத்தமும் வேண்டாம். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் இருந்தால் அவற்றை நிறைவேற்றிவிட்டு இந்த ஓய்வைத் தொடங்குங்கள். இம்மாதத்தில் உங்களை அறியாமல் வாய் எதையேனும் முணுமுணுக்கிறதா, விரல் மேசையில் தாளமிடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் மாதம் நாளொன்றுக்குப் பத்தே நிமிடம் அமருங்கள். கற்க வேண்டியதை அன்று. உங்களுக்குப் பிடித்ததைப் பாடுங்கள். கேட்பவர் எவரும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பாராட்டு இல்லாத இடத்திலும் அது இனிக்கிறதா என்பதே இம்மாதத்தின் சோதனை.

மூன்றாம் மாதம் தெரிந்ததைத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தை இல்லாமலா போகும்? தன் கையில் பழையதாகிப் போன ஒன்று, பிறர் கையில் புதியதாவதைக் காணும்போது மறுபடி துளிர்க்கும் உள்ளங்கள் உண்டு.

மூன்று மாதங்கள் முடிந்ததும் ஒரு தாளில் இரண்டே வரிகள் எழுதுங்கள். "விட்டால் எதை இழப்பேன்? தொடர்ந்தால் எதை இழப்பேன்?" விடை உங்கள் முன் நிற்கும்.

இசையே பிழைப்பாக உள்ளவர்களுக்கு ஒரு சொல். வேறு வருவாய்க்கு வழி செய்துகொள்ளாமல் மேடையை விட்டு இறங்காதீர்கள். களைப்பில் எடுத்த முடிவோடு கடனும் சேர்ந்துகொண்டால், பின்னர் எது துன்பம் தருகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

விடுவதென்று முடிவானால் கண்ணியமாக விடுங்கள். கற்பித்த ஆசானை நேரில் கண்டு நன்றி சொல்லுங்கள். அவரிடம் ஒளிந்து திரிவதைப் போன்ற சுமை வேறில்லை. கருவியைப் பரணில் போட்டு அழியவிடாதீர்கள். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பூச்சிகள் அரித்துவிடும். ஈரம் பட்டால் அதன் ரீடுகள் சுருதி மாறிவிடும். கற்க விரும்பியும் வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளையிடம் அதனைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் இசை அங்கே தொடரும்.

குடும்பத்தாருக்கு...

வீட்டில் இந்தப் போராட்டத்தில் இருப்பவர் உங்கள் மகனாகவோ மகளாகவோ மனைவியாகவோ இருக்கலாம். "இதற்காக எவ்வளவு பணம் கட்டினோம்!" என்று சொல்லாதீர்கள். கட்டிய பணம் தொடர்ந்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. பிள்ளை கற்ற பொறுமையும் செவிக்கூர்மையும் எங்கும் போய்விடவில்லை. "அப்போதே சொன்னேனே" என்று எள்ளி நகையாடவும் வேண்டாம். "என்னவாயிற்று?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுமையோடு காத்திருங்கள். பல வேளைகளில் விடை இசையைப் பற்றியதாகவே இராது. வகுப்பில் எவரோ சொன்ன கடுஞ்சொல்லாகவோ, தேர்வின் அச்சமாகவோ, உங்களிடம் சொல்லத் தயங்கிய வேறொரு வேதனையாகவோ இருக்கும்.

நம் இல்லங்களில் தலைமுறைகளாக ஒலித்த குரல் நாகூர் ஹனீபா அவர்களுடையது. 1925ஆம் ஆண்டு பிறந்த அவர், 2015ஆம் ஆண்டு மறையும்வரை அக்குரலாலேயே அறியப்பட்டார். அப்படி வாழ்நாள் முழுவதும் பாட்டோடு வாழும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காததில் இழிவும் இல்லை. சிலருக்கு இசை ஆயுள் முழுவதும் உடன்வரும் துணை. சிலருக்கு ஓர் ஊர்வரை உடன்வந்து விடைபெறும் வழித்துணை. வழித்துணையாக வந்தவரும் நமக்கு நன்மை செய்தவரே.

ஆகவே, அன்புக்குரியவர்களே, இன்றிரவு அந்தப் பெட்டியை வெளியே எடுங்கள். தூசியைத் துடையுங்கள். ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பாருங்கள். அந்த ஓசை கேட்டதும் உங்கள் உள்ளத்தில் எழுவது வெறுப்பா, வருத்தமா, ஏக்கமா, அமைதியா என்று நேர்மையாகக் கவனியுங்கள். முடிவை இன்றே எடுக்க வேண்டாம். தவணையை மட்டும் இன்றே தொடங்குங்கள். அதன் முடிவில் பெட்டியைத் திறந்துவைத்தாலும் மூடிவைத்தாலும், அது களைப்பின் கை செய்த செயலாக இல்லாமல், உங்கள் கை செய்த செயலாக இருக்கட்டும்.